அயலூர் ஆங்கில ஆசிரியரின் அன்றாடம்: மலாக்காவை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடந்து சென்றவர்கள் தம் அன்றாட வாழ்வைக் குறித்து எழுதிய நூல்கள் பல. நாவல், தன்வரலாறு, மடல் தொகுப்பு என அவற்றின் வடிவம் எதுவாயினும் உள்ளடக்கத்தில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். பழகாத வெப்பம், புரியாத மொழி, அரசு கொடுத்த வீடு, அவ்வீட்டைப் பேணும் வேலையாள், உடன் பணியாற்றும் ஆசிரியரின் மனக்கசப்பு, திருத்தி முடியாத பயிற்சி ஏடுகள், மாலை நேரத் தனிமை ஆகியவை அவற்றில் தவறாது இடம்பெறுகின்றன. இவ்வகை நூல்களில் பார்ப்பவர் ஆசிரியர், பார்க்கப்படுவது ஊர். ஊர் அந்த ஆசிரியரை எவ்வாறு பார்த்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

அவ்வினாவை எழுப்பி மூன்று நூல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். முன்ஷி அப்துல்லாவின் 'ஹிகாயத் அப்துல்லா', அந்தோணி பர்ஜெஸின் மலாயா முந்நாவல், கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' ஆகியவையே அவை. முதலாவது மலாய் நூல். ஏனைய இரண்டும் ஆங்கில நூல்கள். தமிழில் எழுதப்படாத இவற்றைத் தமிழாய்விதழில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மூன்றிலும் தமிழர் இருக்கின்றனர். ஒன்றில் தமிழ்மரபு உடையவர் எழுதுபவராகவும், ஒன்றில் தமிழர் எழுதப்படுபவராகவும், ஒன்றில் இரு நிலையிலும் நிற்கின்றனர். கற்பிக்க வந்தவர் இங்கு யாரிடம் எதைக் கற்றார் என்பதை நூல் சொல்கிறதா, மறைக்கிறதா என்பதே நாம் கையாளும் அளவுகோலாகும்.

மலாக்காவின் முதற்சான்று

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய குலவரலாறே அயல்மண்ணில் கற்பித்தவர்களின் வரலாறாக அமைந்துள்ளது. ஏமன் நாட்டவரான அவருடைய பூட்டனார் நாகூருக்கு வந்து, அங்குள்ளோர்க்குக் கற்பித்து, அங்கேயே மணம் புரிந்து தங்கினார். அவர்தம் மகன் மலாக்காவுக்கு வந்து பெரியாச்சி என்னும் பெண்ணை மணந்தார். அப்துல்லாவின் பாட்டியாரான இவ்வம்மையார் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்ததை அப்துல்லா பெருமையுடன் பதிவு செய்கிறார். தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும், இரண்டரை ஆண்டுகள் தாம் அதைக் கற்றதையும் அவர் குறிப்பிடுகிறார். கணக்கு வழக்குக்கும் வணிகத்திற்கும் தமிழ் வேண்டியிருந்ததால் மலாக்காவின் வசதி படைத்த குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்கச் செய்வது அக்கால வழக்கமாக இருந்தது. கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இளம்வயதிலேயே கற்பித்ததால் 'முன்ஷி' என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது.

இத்தகைய ஒருவரிடம்தான் ஆங்கிலேயர் வந்து மாணவராயினர். 1815இல் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் மலாக்காவுக்கு வந்தார். 1818இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அக்கல்லூரி 1843இல் ஹாங்காங்குக்கு இடம்பெயரும் வரை இந்நகரில் இயங்கியது. பிறநாட்டார் வந்து ஆங்கிலம் கற்பித்த தொடக்ககாலக் கல்விக்கூடங்களுள் அது ஒன்று. அங்கு வந்தவர்களுக்கு அப்துல்லா மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்றார்.

'ஹிகாயத் அப்துல்லா' 1840களின் தொடக்கத்தில் எழுதப்பட்டு 1849இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. அதில் அயல் ஆசிரியரின் அன்றாடம் முதன்முறையாக எதிர்ப்புறத்திலிருந்து காட்டப்படுகிறது. மில்னின் மென்மையான பேச்சையும் பொறுமையையும் அப்துல்லா மனமாரப் பாராட்டுகிறார். தாம்சன் என்னும் மற்றொரு சமயத் தொண்டரைப் பற்றி எழுதுகையில் அவருடைய தொனி மாறுகிறது. மலாய்ச் சொற்களை ஆங்கில வாக்கியத்தின் அச்சில் வார்த்து, அதுவே சரியென வாதிட்ட மாணவர் அவர். விவிலிய மொழிபெயர்ப்பில் நேர்ந்த வழுக்களுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று அப்துல்லா தெளிவுபடுத்துகிறார். ஆசிரியரின் சொல்லை மாணவர் கேட்கவில்லை. அம்மாணவரே அச்சுப்பொறிக்கும் பணத்திற்கும் உரியவர். அதிகாரம் தலைகீழாக நிற்கும் ஒரு வகுப்பறையை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

ஊர் எவ்வாறு பார்த்தது என்பதையும் அப்துல்லா மறைக்கவில்லை. ஆங்கிலம் கற்பவரைக் கிறித்துவராக்கி விடுவர் என்னும் அச்சம் மலாக்கா மக்களிடையே இருந்தது. அவர்களோடு பழகியதால் அவரை 'அப்துல்லா பாதிரி' என்று ஏளனம் செய்தோரும் உண்டு. அயல் ஆசிரியருக்குத் துணைநின்ற உள்ளூர் ஆசிரியர் கொடுத்த விலையை இப்பட்டப்பெயர் உணர்த்துகிறது. அயல்நாட்டார் எழுதிய நூல்களில் இவ்விலை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

அப்துல்லாவின் பார்வைக்கும் குறையுண்டு. ஆங்கிலேயரின் ஒழுங்கின்மீது அவர் கொண்ட வியப்பு, மலாய் மன்னர்களைக் கடுமையாகக் கண்டிக்கும் அவருடைய பகுதிகளோடு சேர்ந்து, அவரைக் குடியேற்ற ஆட்சியின் ஆதரவாளராகக் காட்டியுள்ளது. இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் தாம்சனைப் பற்றிய பகுதிகள் வியப்பு மட்டுமே அவருடைய உணர்வன்று என்பதற்குச் சான்றாகும். மொழி என்று வருகையில் அவர் எவருக்கும் வளையவில்லை.

கிராப்பின் வீடும் பள்ளியும்

ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் எழுதுகோல் மீண்டும் வந்தவர் கைக்கு மாறுகிறது. 1917இல் மான்செஸ்டரில் பிறந்த ஜான் பர்ஜெஸ் வில்சன் 1954இல் மலாயாவுக்குக் கல்வி அதிகாரியாக வந்தார். கோலகங்சார் மலாய்க் கல்லூரியிலும், பின்னர்க் கோத்தாபாருவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் பணியாற்றினார். அந்தோணி பர்ஜெஸ் என்னும் புனைபெயரில் அவர் எழுதிய 'டைம் ஃபார் எ டைகர்' 1956இலும், 'தி எனிமி இன் தி பிளாங்கட்' 1958இலும், 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' 1959இலும் வெளிவந்தன. விக்டர் கிராப் என்னும் ஆங்கில ஆசிரியரே இம்மூன்றையும் இணைக்கும் பாத்திரம்.

முந்நாவலின் சிறப்புகளை முதலில் கூறுதல் முறை. பர்ஜெஸ் மலாய் மொழியை ஆழக் கற்றவர். ஜாவி எழுத்தில் தேர்ச்சி பெற்றவர். முதல் நாவலின் காணிக்கையையே ஜாவியில் அமைத்தார். அக்காலத்தில் இந்நாட்டைக் களமாகக் கொண்டு எழுதிய ஆங்கிலேயருள் இத்தகைய மொழிப்பயிற்சி உடையோர் மிகச் சிலர். அவர் காட்டும் அன்றாடத்தில் மலாய், தமிழ், சீனம், பஞ்சாபி, ஆங்கிலம் ஆகியவை ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. மேலும், அவர் ஆங்கிலேயரை உயர்த்திப் பிடிக்கவில்லை. குடிகாரரும் கடனாளியும் பொய்யரும் அவர்களிடையே நிறைந்துள்ளனர். கிராப்பின் நல்லெண்ணம் ஒவ்வொரு முறையும் தவறான இடத்தில் சென்று விழுகிறது. சுமையை இறக்கி வைக்கும் நேரத்தில் இருக்கும் ஓர் ஆட்சியின் ஆசிரியர் அவர். விரைவில் தேவைப்படாதவர் ஆவோம் என்பதை அறிந்தே அவர் கற்பிக்கிறார்.

வீட்டைப் பற்றிய பகுதிகள் குறிப்பிடத்தக்கவை. முதல் நாவலில் இப்ராகிம் என்னும் பணியாளனும், இரண்டாவதில் ஆ விங் என்னும் முதிய சீனச் சமையற்காரரும் கிராப்பின் வீட்டை நடத்துகின்றனர். ஆ விங் வீட்டுப் பொருள்களைக் காட்டிலிருந்த பொதுவுடைமையர்க்கு அனுப்பி வந்தது பின்னர்த் தெரியவர, பழி கிராப்பின்மீது விழுகிறது. தம் அடுக்களையில் நடப்பதையே அறியாதவர் தம் வகுப்பறையில் நடப்பதை அறிந்திருப்பாரா என்னும் ஐயத்தை வாசகரிடம் பர்ஜெஸ் எழுப்பிவிடுகிறார். அயலாரின் அன்றாடம் பிறர் உழைப்பின்மீது நிற்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நூல்கள் குறைவு.

தமிழ்ப் பாத்திரங்களிடம் வருகையில் நம் மதிப்பீடு மாறுகிறது. இரண்டாம் நாவலில் கிராப் தலைமையாசிரியராகச் செல்லும் கல்லூரியில் ஜெகநாதன் என்னும் தமிழ் மூத்த ஆசிரியர் இருக்கிறார். அப்பதவி தமக்கு வரும் என எதிர்பார்த்திருந்தவர் அவர். கிராப் மாணவப் பருவத்தில் எழுதிய இடதுசாரிக் கட்டுரையைத் தேடியெடுத்து அவரை வீழ்த்த முயல்கிறார். கதையளவில் அவர் எதிர்நாயகர். நகைப்புக்குரிய பருத்த உடல் அவருக்குத் தரப்பட்டுள்ளது.

ஜெகநாதனின் நாற்காலியில் அமர்ந்து இக்கதையைப் படித்தால் வேறொரு நாவல் தெரிகிறது. அவரும் அயலூரில் கற்பிப்பவரே. தமக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தின் வழியாகவே அவர் வாழ்வை அமைத்துக்கொண்டவர். பல ஆண்டுகள் பணியாற்றிய பள்ளிக்கு, கப்பலிலிருந்து இறங்கி வந்த ஒருவர் தலைவராகிறார். குடியேற்ற ஆட்சியின் பணிமுறையில் ஐரோப்பிய அதிகாரிக்கும் ஆசிய அலுவலர்க்கும் ஊதியத்திலும் பதவியிலும் இருந்த வேறுபாடு வரலாறு அறிந்த செய்தி. எனவே ஜெகநாதனின் செயல் கீழ்மையானது என்றாலும், அவருடைய குறை நியாயமானது. நாவல் செயலைக் காட்டுகிறது. குறையைச் சிரிப்பில் கரைத்துவிடுகிறது.

அங்கதம் எவரையும் விடாது, ஆகவே இது பாகுபாடன்று என்று விடையளிக்கலாம். அவ்விடையை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் நகைப்பு அனைவர்க்கும் பொதுவாக இருக்க, நினைவு சிலர்க்கே உரியதாக உள்ளது. கார் ஆற்றில் விழுந்து இறந்த முதல் மனைவியின் நினைவு கிராப்பை மூன்று நாவல்களிலும் தொடர்கிறது. அதுவே அவரை நகைப்பிலிருந்து மீட்டு மனிதராக்குகிறது. ஜெகநாதனுக்கு அத்தகைய இறந்தகாலம் இல்லை. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், யாரைப் பிரிந்து வந்தார், முதல் நாள் வகுப்பில் எவ்வாறு நின்றார் என்பன நமக்குச் சொல்லப்படுவதில்லை. மூன்றாம் நாவலின் வைத்திலிங்கத்திற்கு ஆசிரியர் சற்றுக் கூடுதலாக உள்ளம் தருகிறார்; இங்கிலாந்து சென்று வந்த ஆசிரியையான ரோஸ்மேரி மைக்கேலோ இங்கிலாந்தைப் பற்றிய கற்பனைகளின் கொள்கலமாகவே பெரிதும் நின்றுவிடுகிறார். தனிமை என்பது வெள்ளையருக்கு மட்டுமே நேரும் நோய் என்பது போன்ற தோற்றத்தை முந்நாவல் ஏற்படுத்துகிறது. அதன் ஆழமான குறை இதுவே என்பது நம் கருத்து.

மறுதிசைப் பயணம்

கே. எஸ். மணியம் 1942இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்து 2020இல் மறைந்தவர். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் அருகே பிரின்ஸ்போர்டு லாட்ஜில் இயங்கிய மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, திரும்பி வந்து பள்ளியாசிரியரானார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் பணியாற்றினார். 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' இவ்வாழ்வின் சாயலைக் கொண்டது.

நாவலின் இரவி முதலில் தமிழ்ப்பள்ளியில் முருகேசு ஆசிரியரிடமும், பின்னர் ஆங்கிலப்பள்ளியில் மிஸ் நான்சியிடமும் பயில்கிறான். பர்ஜெஸ் ஆசிரியரின் மேசையிலிருந்து காட்டிய வகுப்பறையை மணியம் மாணவனின் பலகையிலிருந்து காட்டுகிறார். மிஸ் நான்சி ஒரு மொழியை மட்டும் கற்பிப்பதில்லை; வீட்டைப் பற்றிய வெட்கத்தையும் மாணவன் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். ஆசிரியை கற்பிக்க எண்ணாத பாடம் அது. ஆயினும் மாணவன் நெடுநாள் மறவாத பாடமும் அதுவே.

இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பும் இரவி தன் ஊரிலேயே ஆங்கில ஆசிரியனாகிறான். இங்குதான் மணியம் நம் பொருளுக்குப் புதிய பரிமாணம் சேர்க்கிறார். கிராப்பின் அயன்மை அரசு தந்தது. ஒப்பந்தம் முடிந்தால் கப்பலேறலாம். இரவியின் அயன்மைக்கு அத்தகைய முடிவு இல்லை. அவன் தந்தையான நைனா தமக்குரியதல்லாத நிலத்தில் வீடு கட்ட முனைந்து, எவர்க்கும் புரியாத கலப்பு மொழியில் பேசத் தொடங்கி, தீயில் மாய்கிறார். மகனிடம் ஆங்கிலம் இருக்கிறது. தந்தையின் பேச்சுக்கு விடையளிக்கும் மொழி அவனிடம் இல்லை.

இரவியைத் தன்னலமுடையவனாகவும், தன் இனத்தை விட்டு விலகியவனாகவும் காணும் வாசிப்புகள் உள்ளன. இவ்வாசிப்பு கதைமாந்தரையும் கதையாசிரியரையும் ஒன்றாகக் கொள்கிறது. இரவி விலகியதை மணியம் மறைக்கவில்லை. அவ்விலகலின் கணக்கை எழுதியிருப்பதே நாவலின் நேர்மை. அப்துல்லாவைப் பாதிரி என்றழைத்த மலாக்காவும், இரவியை அந்நியமாகப் பார்த்த பீடோங்கும் ஒரே வினாவையே எழுப்பின: அவர்கள் மொழியைக் கற்றவன் இன்னும் நம்மவனா? மணியம் இவ்வினாவுக்கு விடையளிக்கவில்லை. அதைத் தாங்கும் வலிமை அவருடைய நாவலுக்கு உள்ளது.

எழுதப்படாத அன்றாடம்

இம்மூன்று நூல்களையும் ஒருசேர வைத்து நோக்குகையில் ஒரு வெற்றிடம் புலப்படுகிறது. அதை நாம் மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களில் வைத்துக் காண்போம். மலாக்கா நகருக்கு வடக்கே சில கல் தொலைவில் பத்து பெரண்டாம் உள்ளது. இன்று விமான நிலையத்தாலும் தடையற்ற வாணிப வளாகத் தொழிற்சாலைகளாலும் அறியப்படும் வட்டாரம் அது. அதைச் சூழ்ந்த நிலப்பரப்பில் இரப்பர்த் தோட்டங்களே ஒரு காலத்தில் வாழ்வின் அடிப்படையாக இருந்தன.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென்றது. தொடக்கத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையுமே பல இடங்களில் ஆசிரியராயினர். ஆங்கிலப்பள்ளியோ நகரத்தில், கட்டணத்திற்கு அப்பால் இருந்தது. 1826இலும் 1880இலும் தொடங்கப்பட்ட மலாக்கா உயர்நிலைப்பள்ளிக்கும் செயிண்ட் பிரான்சிஸ் பள்ளிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கல்கணக்கில் மட்டும் அளக்க இயலாது. விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப்படை ஆசிரியர்கள் இந்நாட்டுப் பள்ளிகளில் பணியாற்றினர். 1970 முதல் ஆங்கில வழித் தொடக்கப்பள்ளிகள் ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாக மலாய் வழிக்கு மாறின. 1970களில் பத்து பெரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, பால்மரத்தைவிட்டு வெளியேறிய இளையோர்க்கு ஆங்கிலம் பாடநூலைக் கடந்து பணியிடத்து மொழியாகவும் வந்து சேர்ந்தது. 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. 2006 முதல் ஃபுல்பிரைட் திட்டத்தின்கீழ் அமெரிக்க இளையோர் ஆங்கில உதவி ஆசிரியராக இந்நாட்டுக்கு வரலாயினர்.

இம்மாற்றங்கள் அனைத்தையும் வகுப்பறையில் தாங்கியவர் தமிழ்ப்பள்ளியின் ஆங்கில ஆசிரியர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலாய், பாடத்தில் ஆங்கிலம் என்பது அவருடைய ஒரு நாளின் அமைப்பு. தம் மாணவர் புதுமுக வகுப்பில் ஓராண்டு செலவிட நேருமோ என்னும் கவலைக்கிடையே, எவருடைய வீட்டிலும் ஒலிக்காத ஒரு மொழியை அவர் கற்பித்தார். கொள்கை மாறியபோதெல்லாம் நாள் பாடத்திட்டத்தை மாற்றி எழுதினார். பிறந்த ஊரை விட்டு அகலாமலே அயலூர் ஆங்கில ஆசிரியரின் அன்றாடத்தை வாழ்ந்தவர் அவர். ஓராண்டு தங்கிச் செல்பவர் நூல் எழுதுகிறார். முப்பதாண்டு கற்பித்தவரின் அனுபவம் பணி ஓய்வு விருந்தின் நன்றியுரையோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு அவ்வாசிரியர்களைக் குறை கூறுதல் பொருந்தாது. அன்றாடத்தை எழுதத் தகுந்த பொருளாகக் காண்பதற்கு ஒரு தூரம் வேண்டும்; வந்து செல்பவர்க்கு அது இயல்பாகவே அமைகிறது. இங்கேயே இருப்பவர்க்கு அத்தூரத்தை அளிக்கும் கடமை இலக்கியக் கல்விக்கும் ஆய்வுத்துறைக்கும் உரியது. நம் துறைகளோ தோட்டப்புறத்தைப் பாட்டாளியின் துயரமாகவே பெரிதும் ஆராய்ந்துள்ளன. அத்தோட்டத்துப் பள்ளியில் நின்ற ஆசிரியரின் மொழிவாழ்வு ஆய்வுப்பொருளாக இன்னும் போதிய இடம் பெறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, அயல் ஆசிரியரின் அன்றாடத்தை அவருக்குக் கற்பித்தவர் எழுதும்போதே அது முழுமை பெறுகிறது. 'ஹிகாயத் அப்துல்லா' அதற்குச் சான்று. இரண்டாவதாக, பர்ஜெஸின் முந்நாவல் மொழியறிவாலும் தன்னெள்ளலாலும் உயர்ந்து நிற்பினும், உடன் பணியாற்றிய தமிழாசிரியருக்கு நினைவை மறுத்ததால் குறைவுபடுகிறது. மூன்றாவதாக, ஆங்கிலம் கற்பித்தல் உள்ளூரானையும் அயலானாக்க வல்லது என்பதை மணியம் உணர்த்தியுள்ளார்.

இவற்றோடு தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒரு பரிந்துரையை முன்வைக்க விழைகிறோம். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறுகின்றன, பள்ளிகள் இடம்பெயர்கின்றன. இடம்பெயரும் பள்ளியின் பழைய பாடத்திட்டப் பதிவேடுகளும் நாட்குறிப்புகளும் முதலில் குப்பைக்குப் போகின்றன. மலாக்கா மாநிலத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் நினைவுகளை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்வதும், அப்பதிவேடுகளைத் திரட்டிக் காப்பதும் ஆசிரியர் பயிற்சி மாணவரின் களப்பணியாகவே அமையலாம். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒலிப்பதிவுக் கருவியும் கேட்கும் பொறுமையும் போதும். ஜெகநாதனுக்கு மறுக்கப்பட்ட இறந்தகாலத்தை மீட்டுத் தர வல்லவர் அவரைப்போல் வகுப்பறையில் நின்றவர்களே.